பூநாரை எங்கே, டீச்சர்?

வேதாரண்யம் சதுப்பு, உப்பளம், கோடியக்கரை: பனிக்காலப் பறவைகள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும், வேதாரண்யத்தில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர் எழுதிய பதில்களும்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் குடும்பத்தோடு கோடியக்கரை வந்தோம். ஆயிரக்கணக்கில் பூநாரை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர்தான் இருந்தது. ஒரு பூநாரைகூட இல்லை. டீசல் செலவுதான் மிச்சம். ஏன் டீச்சர் இப்படி? (வாசகர், திருச்சி)

நீங்கள் காலண்டரைப் பார்த்துக் கிளம்பியிருக்கிறீர்கள். பறவை தண்ணீரைப் பார்த்து வரும்.

எங்கள் பக்கத்துக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடம் டிசம்பர் கடைசியில் சதுப்பு முழுக்க ஏரி மாதிரி நிற்கும். பூநாரை காலுக்கு அந்த ஆழம் ஒரு பொருட்டில்லை, அது நீந்தவும் செய்யும். ஆனால் மழைத்தண்ணீர் கலந்து உவர்ப்பு இறங்கிவிட்டால், அது தின்கிற பாசியும் பொடி இறாலும் நீர்த்துப்போய்விடும். நாள் முழுக்கத் தலையைக் கவிழ்த்து அலசினாலும் வயிறு நிறையாது. அப்போது கூட்டம் சிதறி, எங்கே தண்ணீர் கெட்டியாக இருக்கிறதோ அங்கே போய்விடும்.

பொங்கல் கழிந்து வாடைக்காற்றில் தண்ணீர் சுண்டத் தொடங்கும். ஓரம் ஓரமாகச் சேறு வெளியே வரும். தை பிற்பாதியும் மாசியும்தான் என் கணக்கில் நல்ல நாட்கள். மழை குறைந்த வருடமாக இருந்தால் நவம்பரிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். அதனால்தான் ‘எந்த மாதம் வரலாம்?’ என்று கேட்பவரிடம் நான் தேதி சொல்வதில்லை. ‘மழை எப்படி?’ என்று திருப்பிக் கேட்பேன்.

இன்னொன்றும் உண்டு. பாக் நீரிணைப் பக்கம் கடல் ஏற்ற இறக்கம் பெரிதாகக் கிடையாது. சதுப்பு தட்டையான நிலம், தண்ணீரைத் தள்ளுவது காற்று. காலையில் முழங்கால் தண்ணீர் நின்ற இடம் காற்று திரும்பினால் மாலையில் வெறும் சேறாக இருக்கும். காலையில் ஒன்றும் இல்லை என்று கிளம்பிப் போனவர்கள் பாதி நாளைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இளஞ்சிவப்பாக ஒரு பெரிய பறவை குளத்தில் நின்றது. பூநாரைதானே? (கல்லூரி மாணவி, மன்னார்குடி)

அனுப்பிய படத்தில் மூக்கு மஞ்சள், நீளம், கனம். அது மஞ்சள் மூக்கு நாரை. இறக்கையின் பின்பக்கம் ரோஸ் பூசினாற்போல இருப்பதால் பலரும் ஏமாறுகிறார்கள். பூநாரைக்கு மூக்கு பாதியில் உடைந்தாற்போல வளைந்து தொங்கும், நுனி கறுப்பு. நல்ல தண்ணீர்க் குளத்தில் பூநாரையை எதிர்பார்க்க வேண்டாம்.

பூநாரை, கூழைக்கடா எல்லாம் தெரிகிறது. ஆனால் சேற்றில் ஓடும் சின்னப் பறவைகள் எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. புத்தகத்தில் பத்துப் பக்கம் பழுப்புப் படம். எங்கிருந்து ஆரம்பிப்பது? (வங்கி ஊழியர், கும்பகோணம்)

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இத்தனை காலம் காத்திருந்தேன். கோடியக்கரைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பூநாரையைப் பார்த்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். காலடியில் சைபீரியாவே ஓடிக்கொண்டிருக்கும், யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். பனிக்காலத்தில் உள்ளான்கள், அதாவது சேற்றில் ஓடும் இந்தச் சின்னப் பறவைகள், எல்லாமே சாம்பலும் பழுப்பும்தான். ‘எங்கே நிற்கிறது, எப்படித் தின்கிறது’ என்று இரண்டே கேள்வி கேளுங்கள்.

வரப்பில் நின்று கீழே பாருங்கள். காய்ந்த சேற்றிலிருந்து ஆழம் வரை, கால் நீளத்துக்கு ஏற்றபடி பறவைகள் தானாகவே வரிசை கட்டியிருக்கும். ஈரம் காய்ந்த மேட்டில் உப்புக்கொத்தி. அது கண்ணால் பார்த்துத் தின்கிற பறவை. ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து. மறுபடி ஓடும், நிற்கும். கண் பெரிதாக, மூக்கு குட்டையாக இருக்கும். நெஞ்சில் பழுப்புப் பட்டை பாதியில் அறுந்து, கழுத்தில் வெள்ளைக் காலர் தெரிந்தால் கென்டிஷ் உப்புக்கொத்தி. காலர் இல்லாமல் பட்டை அகலமாக ஓடினால் மங்கோலிய உப்புக்கொத்தி என்று எழுதிக்கொள்ளுங்கள். இது லடாக், திபெத் மேட்டு நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே இறங்கி வருவது.

அடுத்து, சேறு பளபளவென்று இருக்கும் விளிம்பு. அங்கே குருவி அளவில், கறுப்புக் காலோடு, தலை நிமிராமல் படபடவென்று கொத்திக்கொண்டிருப்பது கொசு உள்ளான். எடை சுமார் 25 கிராம்தான். ஆர்க்டிக் ஓரத்தில் மரமே இல்லாத துந்திர நிலத்திலிருந்து அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு வருகிறது.

கணுக்கால் தண்ணீரில் வளைமூக்கு உள்ளான். மூக்கு கீழ்நோக்கி லேசாக வளைந்திருக்கும். இது கண்ணை நம்புவதில்லை, மூக்கு நுனியின் தொடு உணர்ச்சியை நம்புகிறது. தையல் மிஷின் ஊசி மாதிரி ஒரே இடத்தில் மேலும் கீழும் குத்திக்கொண்டே நகரும். கூட்டமாக நகரும்போது சேற்றில் பொத்தல் பொத்தலாகத் தடம் விழுந்திருப்பதை வரப்பிலிருந்தே பார்க்கலாம். சிவப்புக் காலோடு, பதற்றமாகத் தலையை ஆட்டிக்கொண்டு, நீங்கள் வந்ததை ஊருக்கெல்லாம் கத்திச் சொல்வது பவளக்காலி. அதைத் தாண்டி முழங்கால் தண்ணீரில் கருவால் மூக்கன், நெடுங்கால் உள்ளான். கடைசியில் ஆழத்தில்தான் உங்கள் பூநாரை.

அதாவது ஒரே சேற்றுக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அடுக்கு. உப்புக்கொத்தி மேல்மட்டத்தில் இருக்கும் பூச்சியை எடுக்கும், வளைமூக்கு உள்ளான் அதற்கும் கீழே உள்ள புழுவை எடுக்கும். கர்லூ பறவையின் மூக்கு அரைச்சாண் நீளம், நண்டு வளைக்குள்ளேயே விட்டு இழுத்துவிடும். ஒன்றின் சாப்பாட்டில் இன்னொன்று அதிகம் கைவைப்பதில்லை, அதனால்தான் இத்தனை ஆயிரம் பறவைகள் ஒரே இடத்தில் நிற்க முடிகிறது. தண்ணீர் ஒரு சாண் ஏறினால் என்ன ஆகும் என்று இப்போது புரிந்திருக்கும். பூநாரைக்கு ஒன்றுமில்லை, கொசு உள்ளானுக்கு வீடே போச்சு.

முதல் நாள் நான்கு பறவையைத் தெரிந்துகொண்டால் போதும். மீதியை ‘உள்ளான், பெயர் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். நானும் இன்றுவரை அப்படி எழுதுகிறேன்.

பூநாரைக்கு முட்டி ஏன் பின்பக்கமாக மடங்குகிறது? ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது? (ஆறாம் வகுப்பு, வலங்கைமான்)

கண்ணு, நீ பார்த்தது முட்டி இல்லை, கணுக்கால். முட்டி மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் நம் பாதம் நீண்டுபோன மாதிரி. பூநாரை எப்போதுமே விரல் நுனியில்தான் நிற்கிறது. நீயும் நின்று பார், எத்தனை நேரம் தாங்குகிறாய் என்று.

ஒற்றைக் காலுக்கு இரண்டு காரணம் சொல்கிறார்கள். தண்ணீரில் நிற்கும் கால் வழியாக உடம்புச் சூடு போய்க்கொண்டே இருக்கும், ஒன்றை மடக்கி இறகுக்குள் வைத்தால் இழப்பு பாதி. இரண்டாவது காரணம் 2017இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டது: செத்த பூநாரையின் உடலைக்கூட ஒற்றைக் காலில் நிறுத்தி வைக்க முடிந்தது, இரண்டு காலில் நிற்கவில்லை! ஒற்றைக் காலில் நிற்கும்போது மூட்டுகள் தாமாகவே பூட்டிக்கொள்வதுபோல் அமைகின்றன, தசைக்கு வேலையே இல்லை. அதனால்தான் தூங்கும்போதுகூட விழுவதில்லை.

மீன்பிடிக்கப் போகும் வழியில் கரையில் ஒரு குருவி செத்துக் கிடந்தது. காலில் சின்ன வெள்ளி வளையம், இங்கிலீஷில் ஏதோ எழுத்து, நம்பர். கழற்றி வைத்திருக்கிறேன். போலீஸ் கேஸ் ஆகுமா? (மீனவர், ஆறுகாட்டுத்துறை)

ஒரு கேஸும் இல்லை தம்பி. அது வெள்ளியும் இல்லை, விற்றால் ஒரு டீக்குக்கூடக் காசு வராது. ஆனால் அந்த நம்பருக்கு மதிப்பு அதிகம். ‘பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கவும்’ என்பதைத்தான் சுருக்கி ஆங்கிலத்தில் அடித்திருப்பார்கள். நம்பர் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, எந்தத் தேதி, எந்த இடம் என்று எழுதி, கோடியக்கரை வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள். எங்கே, எப்போது, என்ன எடையில் மாட்டியது என்ற விவரம் மும்பையில் ஏட்டில் இருக்கிறது. உங்கள் தகவல் சேர்ந்தால்தான் அந்தக் கதைக்கு இரண்டாவது முனை கிடைக்கும்.

இந்த வளையத்துக்குப் பின்னால் ஒரு காய்ச்சல் இருக்கிறது. 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்தன, மனிதருக்கும் காய்ச்சல் பரவியது. கிருமியைப் பார்த்தால் ரஷ்யாவில் உண்ணி மூலம் பரவும் காய்ச்சலின் உறவு மாதிரி இருந்தது. வலசைப் பறவைகள் உண்ணியைச் சுமந்து வந்திருக்குமோ என்று சந்தேகம் எழுந்தது. அதைத் தெரிந்துகொள்ள உலகச் சுகாதார நிறுவனத்தின் பண உதவியோடு 1959இல் பறவையியலாளர் சாலிம் அலி தலைமையில் பறவைக்கு வளையமிடும் வேலை தொடங்கியது. அந்த வேலைதான் பிறகு கோடியக்கரைக்கும் வந்தது. இங்கே வளையம் மாட்டிய உள்ளான்கள் பழைய சோவியத் நாடுகளில் கிடைத்திருக்கின்றன.

பிடித்தவர்கள் யார் தெரியுமா? பீகாரில் பறவை பிடிப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட மிர்ஷிகார் மக்கள். அவர்களில் அலி உசேன் பேர்போனவர். சேற்றில் கண்ணி வைத்து, ஓர் இறகு உதிராமல் உள்ளானை எடுத்துக் கொடுப்பதில் படித்த விஞ்ஞானிகளுக்கே அவர்தான் வாத்தியார். கழுத்தைத் திருகுவதற்குக் கற்ற கை, எடை பார்த்துப் பறக்கவிடும் கையாக மாறியது.

வளையத்தை வைத்திருப்பதில் தப்பில்லை. இனி கிடைத்தால் உயிரோடு இருக்கும் பறவையிடமிருந்து மட்டும் கழற்றாதீர்கள்.

முதலில் வாங்க வேண்டியது கேமராவா, பைனாகுலரா? (வாசகர், சென்னை)

பைனாகுலர். 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மி.மீ.) என்று கேட்டு வாங்குங்கள். 20x என்று எழுதி மலிவாக விற்பது பொம்மை, கை நடுங்கினால் கடலே ஆடும். எந்தக் கருவியாக இருந்தாலும் ஒன்பதரை, பத்து மணிக்கு மேல் உப்பளத்தில் கானல் ஏறிவிடும், எல்லாம் நெளியும். ஆறரைக்கு வரப்பில் இருங்கள். சதுப்பு, கோடியக்கரைச் சாலைக்கு மேற்கே விரிகிறது, காலை வெயில் உங்கள் முதுகில் விழும், பறவை மேல் வெளிச்சம். கீழைக்கடலில் ஆலாவும் கடற்காகமும் பார்க்க அதே கணக்கில் மாலை நேரம். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ‘எல்லாம் கறுப்பாகத் தெரிந்தது’ என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

பறக்கும்போது படம் எடுத்தால்தான் அழகு என்று எங்கள் குழுவில் கை தட்டுகிறார்கள், டிரோன் விடுகிறார்கள். பெரிய தப்பா? (புகைப்பட ஆர்வலர்)

தப்புதான். சரணாலயத்தில் அனுமதியின்றி டிரோன் விட்டால் வனத்துறை பிடிக்கும், பிடிக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன். பங்குனிக்குள் இந்தப் பறவைகள் கொழுப்பு ஏற்றியாக வேண்டும். நெடுந்தூரம் போகும் சில இனங்கள் கிளம்பும் முன் ஏறக்குறைய இரட்டை எடைக்கு வந்துவிடும். அலாஸ்காவில் குறி மாட்டிய பட்டைவால் மூக்கன் ஒன்று 2022இல் டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் இறங்காமல் பறந்தது. 11 நாள் சாப்பாடு, தண்ணீர் எதுவும் இல்லை. அந்தப் பயணத்துக்கான எரிபொருளைத்தான் நீங்கள் ஒரு லைக்குக்காகச் செலவழிக்க வைக்கிறீர்கள். பருந்து வரும், கூட்டம் தானே கிளம்பும். அதுவரை உட்காருங்கள்.

உப்பளங்கள் சதுப்பை அழித்துவிட்டன என்கிறார் ஒருவர். உப்பளத்தில்தான் பறவை அதிகம் என்கிறார் இன்னொருவர். எது சரி? (வாசகி, நாகப்பட்டினம்)

இரண்டும் சரி. எந்தப் பாத்தியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது.

என் கொழுந்தனார் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவர். மிதவைக் குழாயைத் தண்ணீரில் விட்டு டிகிரி பார்ப்பார். சூட்டின் டிகிரி இல்லை, உவர்ப்பின் அளவு. கடல்நீர் 3 டிகிரிச் சொச்சம். அதை அகலமான தேக்கத்தில் நிறுத்தி, வெயிலில் காயவைத்து, ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு மாற்றிக்கொண்டே போனால் 25 டிகிரியில் உப்பு விளையும். முதல் தேக்கங்களில் மீன் இருக்கும். அங்கே கூழைக்கடா, ஆலா, நீர்க்காகம். டிகிரி ஏற ஏற மீன் செத்துவிடும், மீனின் தொந்தரவு இல்லாததால் உப்பிலே வாழும் பொடி இறாலும் ஈப்புழுவும் பெருகும். அங்கே பூநாரையும் உள்ளானும். உப்பு விளையும் கடைசிப் பாத்தியில் ஈ காக்கை இறங்காது. அவர் குழாயை எடுக்காமலே, எந்தப் பறவை நிற்கிறது என்று பார்த்து டிகிரி சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஆக, பழைய பாணியில் தேக்கம் தேக்கமாக இருக்கும் உப்பளம் பறவைக்குச் சோறு போடுகிறது. ஆனால் கரையை உயர்த்தி, சதுப்பிற்கு வரும் தண்ணீரின் வழியை மறித்து, உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்புநீரைக் கண்ட இடத்தில் திறந்துவிட்டால் அந்தச் சேற்றில் புழுகூட மிஞ்சாது. அதற்கு வக்காலத்து வாங்க நான் தயாரில்லை. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2002இல் சேர்ந்த இடம் இது, தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது. பலகை வைத்தால் போதாது, தண்ணீர் வர வேண்டும்.

அக்டோபரில் கொல்லையில் பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் கலந்த ஒரு பறவை மயங்கிக் கிடந்தது. வாலே இல்லை. யாரோ வளர்த்ததா? (இல்லத்தரசி, திருத்துறைப்பூண்டி)

வளர்த்ததில்லை அம்மா, ஆறுமணிக்குருவி. வால் உண்டு, குட்டை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வடக்கே, மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்துக்குத் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வருவது. இரவில் பறக்கும். களைத்துப்போய், வெளிச்சத்தில் குழம்பி, சுவரிலும் கண்ணாடியிலும் மோதி விழுவது ஐப்பசியில் சகஜம்.

இனி விழுந்தால் அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே துணி விரித்து, இருட்டான இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். சோறு, பால் எதுவும் வேண்டாம். பூனையை விரட்டிவிட்டு, அந்தி சாய்ந்ததும் செடி மறைவில் திறந்துவிடுங்கள். சிறகு தொங்கினால் வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

கோடியக்காட்டில் ராமர் பாதம் மேட்டுப் பக்கம், விடியும் முன்னும் இருட்டும் முன்னும் இரட்டை விசிலாகக் கூப்பிடும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் அந்தக் காட்டில் பெரிய மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. பாலை மரம் மெதுவாக வளர்வது, அது எழுவதற்குள் சீமைக் கருவேலம் எழுந்துவிடுகிறது. ஆறுமணிக்குருவிக்குச் சருகு மூடிய நிழல் தரை வேண்டும். இன்னும் வருகிறது என்பதில் எனக்கு நிம்மதி.

கோடியக்கரையா, தனுஷ்கோடியா? ஒன்றுக்குத்தான் லீவு. (ஐ.டி. ஊழியர், பெங்களூரு)

சேற்றுப் பறவையும் காட்டுப் பறவையும் ஒரே நாளில் வேண்டுமென்றால் இங்கே. வெள்ளை மணலில் நண்டுதின்னியும் கடல் பறவைகளும் வேண்டுமென்றால் அங்கே. 2025இல் தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாகவே அறிவித்துவிட்டார்கள். நான் இந்த ஊர்க்காரி, என்னிடம் நியாயமான தீர்ப்பு எதிர்பார்க்காதீர்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் ‘உள்ளான் வறுவல்’ கிடைக்கிறது. வீட்டில் ரசித்துச் சாப்பிடுகிறார்கள். சொன்னால் கோபம் வருகிறது. (பெயர் வேண்டாம்)

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் விற்பதும் குற்றம், ஜெயில் வரை போகும். வீட்டில் சட்டம் பேசிப் பயனில்லை. ஒரு நாள் விடிகாலையில் அவரை உப்பளத்துக்கு அழைத்து வாருங்கள். விற்கும் கடை பற்றி வனத்துறைக்குத் தனியாகச் சொல்லுங்கள், சொன்னவர் பெயரை அவர்கள் வெளியே விட வேண்டியதில்லை.

நானும் தோழியும் மட்டும் வரலாம் என்றிருக்கிறோம். பாதுகாப்பு, தங்குமிடம், பாத்ரூம்? யாரும் இதை எழுதுவதில்லை. (வாசகி, மதுரை)

தாராளமாக வாருங்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை ரயில் மறுபடி ஓடுகிறது, வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் பஸ்ஸும் உண்டு. வனத்துறையின் பூநாரை இல்லத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வேதாரண்யத்தில் லாட்ஜ். சதுப்புக்குள் போக வனத்துறை அனுமதியும், உள்ளூர் வழிகாட்டி ஒருவரும் அவசியம். சேறு மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே தொடை வரை வாங்கும். வரப்பை விட்டு இறங்காதீர்கள்.

உப்பளத்தில் ஒதுங்க ஒரு செடி கிடையாது. இருட்டோடு வேதாரண்யத்திலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கிளம்புங்கள். பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களை நிறையப் பார்த்துவிட்டேன், உப்புக்காற்றில் பதினோரு மணிக்கே தலை சுற்றும். ஆளுக்கு இரண்டு லிட்டர் வேண்டும். ஒன்பதரைக்குக் கானல் ஏறியதும் கோடியக்காட்டுக்குத் திரும்பி வந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, மூன்றரைக்கு மறுபடி போகலாம். தொப்பி எடுத்து வாருங்கள், வெள்ளை நிறம் மட்டும் வேண்டாம்.